கடலடி எண்ணெயும் டெக்சாஸ் தேர்தலும்

அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தலை நாம் ஒருமையில் குறிப்பிடுவது வழக்கம். ஆயின் அஃது ஒரே தேர்தல் அன்று. மாநிலத்துக்கு ஒன்றாக நடைபெறும் பல தேர்தல்களின் தொகுதி. 1952-ஆம் ஆண்டில் அந்நாட்டில் 48 மாநிலங்கள் இருந்தன. மக்கள் தொகையை ஒட்டி ஒவ்வொரு மாநிலத்துக்கும் இத்தனை தேர்வாளர்கள் என்று கணக்குண்டு. அன்று ஒரு மாநிலத்தில் எவர் மிகுதியான வாக்குப் பெற்றாரோ, அவருக்கே அம்மாநிலத் தேர்வாளர் அனைவரும் உரியவராயினர். மிகுதி ஒரு வாக்காயினும் சரியே. அவ்வாண்டில் தேர்வாளர் மொத்தம் 531. டெக்சாசின் பங்கு 24.

ஆகவே டெக்சாசில் வெல்ல விரும்பியவர் கொரியாப் போரைப் பற்றியும் விலைவாசியைப் பற்றியும் மட்டும் பேசினால் போதாது. டெக்சாஸ் மக்களின் மனத்தை உறுத்திக்கொண்டிருந்ததற்கும் விடை சொல்ல வேண்டும். 1952-இல் அவர்களை உறுத்தியது மெக்சிகோ வளைகுடாவின் நீருக்கடியில் கிடந்த நிலம். அந்நிலம் யாருடையது? அதனடியில் உள்ள எண்ணெய் யாருடையது? அதன் வருவாய் எந்தப் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேரும்? இறுதியாக உள்ள இக்கேள்வி அலங்காரத்துக்காகச் சேர்த்ததன்று. வழக்கின் இரு பக்கத்தாரும் பள்ளிப் பிள்ளைகளையே முன்னே நிறுத்தி வாதாடினார்கள். ஆசிரியர்கள் சிறிது நின்று கவனிக்க வேண்டிய இடமும் அதுவே.

டெக்சாசில் எண்ணெய் பெருகிய கதை பலரும் அறிந்தது. 1901-ஆம் ஆண்டு ஜனவரி 10-ஆம் நாள் போமாண்ட் நகருக்கு அருகில் ஸ்பிண்டில்டாப் என்னும் மேட்டில் தோண்டிய கிணறு பீறிட்டு அடித்தது. 1930-இல் கிழக்கு டெக்சாசின் மாபெரும் எண்ணெய் வயல் கண்டுபிடிக்கப்பட்டது. இவையெல்லாம் தரைக் கிணறுகள். கரை கண்ணுக்குத் தெரியாத தொலைவில், கடல் நடுவே முதல் கிணறு எண்ணெய் தந்தது 1947-இல்தான். அதுவும் அண்டை மாநிலமாகிய லூசியானாவின் கடலில். வழக்கு முற்றியபோது டெக்சாஸ் கடலில் எடுத்திருந்த எண்ணெய் மிகச் சொற்பம். கையிலிருந்த செல்வத்தைக் காட்டிலும் வரப்போகும் செல்வத்துக்காகவே சண்டை வலுத்தது என்பதை மறக்கலாகாது.

முதலில் ஒரு சொற்குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வது நல்லது. அவ்வழக்கு அமெரிக்கச் செய்தித்தாள்களில் 'டைட்லேண்ட்ஸ்' வழக்கு என்று பெயர் பெற்றது. அச்சொல்லுக்கு ஓதநிலம் என்பது நேர்பொருள். அதாவது ஓதம் ஏறும்போது மூழ்கி, இறங்கும்போது வெளிப்படும் நிலம். அந்த நிலம் மாநிலத்துக்கே உரியது என்பதில் எவர்க்கும் ஐயமில்லை. வழக்கு அதைப் பற்றியதன்று. ஓதம் இறங்கிய பிறகும் நீருக்கடியிலேயே கிடக்கும் கடலடி நிலத்தைப் பற்றியது. பெயர் பிழையானதெனினும் அரசியலுக்கு மிகப் பயன்பட்டது. கண்ணெதிரே கிடக்கும் கடற்கரை மணலையே வாஷிங்டன் பறிக்க வருகிறது என்று எளிய மக்கள் எண்ணும்படி அது செய்தது.

மூன்று லீக் எல்லை

டெக்சாஸ் ஏனைய மாநிலங்களைப் போன்றதன்று என்பது அம்மாநிலத்தார் வாதத்தின் அடிப்படை. 1836 முதல் 1845 வரை அது ஒரு தனிக் குடியரசு. மெக்சிகோவிடமிருந்து பிரிந்த அதே 1836-இல், டிசம்பர் மாதத்தில், அதன் முதல் காங்கிரஸ் தன் நாட்டின் கடலெல்லை கரையிலிருந்து மூன்று லீக் என்று சட்டம் செய்தது. லீக் என்பது நம் பழைய காதத்தைப் போன்றதொரு தொலைவளவை. மூன்று லீக் என்றால் 9 கடல் மைல். தரை மைலில் பத்துக்குச் சற்று மேல்.

1845-இல் டெக்சாஸ் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் சேர்ந்தபோது ஓர் உடன்பாடு ஏற்பட்டது. குடியரசாக இருந்த காலத்தில் டெக்சாஸ் பட்ட கடனை அமெரிக்க அரசு ஏற்க விரும்பவில்லை. ஆகவே, 'கடனும் உன்னுடையது, எவருக்கும் வழங்கப்படாத நிலமும் உன்னுடையது' என்று விட்டுவிட்டது. வேறு மாநிலங்கள் பலவற்றில் பொதுநிலம் மத்திய அரசுக்கு உரியதாயிருக்க, டெக்சாசில் அது மாநிலத்துக்கே உரியதானது இவ்வாறுதான். 1850-இல் மேற்கேயும் வடக்கேயும் தான் உரிமை கொண்டாடிய பரந்த நிலப்பகுதியை டெக்சாஸ் அமெரிக்க அரசுக்கு விட்டுக்கொடுத்து ஒரு கோடி டாலர் பெற்றது. அதில் 20 லட்சம் டாலரை ஒதுக்கி 1854-இல் ஒரு பள்ளி நிதியைத் தொடங்கினார்கள். 1876-இல் இயற்றிய மாநில அரசியலமைப்பு, எஞ்சிய பொதுநிலத்தில் பாதியை அந்நிதிக்கு எழுதிவைத்தது. முதலைத் தொடாமல் அதன் ஆண்டு வருவாயை மட்டும் பொதுப்பள்ளிகளுக்குச் செலவிட வேண்டும் என்பது விதி. அதற்கு நிலைப்பள்ளி நிதி என்று பெயர். பின்னாளில் கடலடி நிலத்தின் குத்தகைப் பணமும் எண்ணெய் உரிமைத்தொகையும் அந்நிதிக்கே என்று சட்டசபை தீர்மானித்தது.

பள்ளிப் பிள்ளைகள் இவ்வழக்கில் வந்து சேர்ந்தது இவ்வழியில்தான். கரையிலிருந்து மூன்று லீக் வரை ஏறத்தாழ 24 லட்சம் ஏக்கர் கடலடி நிலம். அதைப் பறிப்பது டெக்சாஸ் குழந்தைகளின் புத்தகத்தையும் பலகையையும் பறிப்பதாகும் என்று மேடைதோறும் பேசினார்கள். சட்டப்படி பார்த்தால் அப்பேச்சில் பொய்யில்லை. பணம் உண்மையாகவே பள்ளி நிதிக்குப் போக வேண்டியது. ஆயினும் அப்பிள்ளைகளுக்குப் பின்னால் எண்ணெய்க் கம்பெனிகளும் நின்றன. தாங்கள் ஏற்கெனவே குத்தகை பேசிப் பழகிய மாநில அதிகாரிகளை விட்டு வாஷிங்டனுடன் புதிதாகப் பேரம் பேச அவை விரும்பவில்லை.

நிற்க. மத்திய அரசின் பக்கத்தையும் பார்க்க வேண்டும். 1945-ஆம் ஆண்டு செப்டம்பர் 28-ஆம் நாள் குடியரசுத் தலைவர் ட்ரூமன் ஓர் அறிக்கை வெளியிட்டார். கரையை ஒட்டி நீருக்கடியில் நீளும் கண்டத்திட்டின் இயற்கை வளம் அமெரிக்காவின் ஆட்சிக்கு உட்பட்டது என்பது அதன் சாரம். உலக நாடுகள் பலவும் தத்தம் கடலடியை உரிமை கொண்டாடத் தொடங்கியது அதற்குப் பிறகே. 1954-இல் பிரிட்டிஷ் அரசு சரவாக்கின் எல்லையையும் வட போர்னியோவின் எல்லையையும் கண்டத்திட்டு வரை நீட்டி ஆணையிட்டது அந்த அலையின் ஒரு பகுதி. 1974-ஆம் ஆண்டுப் பெட்ரோலிய வளர்ச்சிச் சட்டம், அதன்கீழ் மாநிலத்துக்குக் கிடைக்கும் 5 சதவீதம் ஆகியவை பற்றிச் சரவாக்கிலும் சபாவிலும் எழும் வாதங்களைக் கேட்டிருக்கும் மலேசிய வாசகர்க்கு டெக்சாசின் குரல் அந்நியமாகத் தோன்றாது.

அமெரிக்காவில் வழக்கு முதலில் கலிபோர்னியா மீது தொடுக்கப்பட்டது. 1947-இல் சுப்ரீம் கோர்ட்டு, கரைக்கடலின் அடிநிலத்தில் மத்திய அரசுக்கே தலையாய உரிமை என்று தீர்ப்பளித்தது. அடுத்து டெக்சாஸ். 1950-ஆம் ஆண்டு ஜூன் 5-ஆம் நாள் தீர்ப்பு வந்தது. நீதிபதி டக்ளஸ் எழுதிய அத்தீர்ப்பின் நயம் கவனிக்கத்தக்கது. டெக்சாஸ் தனிக் குடியரசாய் இருந்தபோது கடலடி அதற்கு உரியதாய் இருந்திருக்கலாம் என்று அது ஒப்புக்கொண்டது. ஆனால் ஏனைய மாநிலங்களோடு சமநிலையில் ஒன்றாகச் சேர்ந்த நாளில், தனி நாட்டுக்குரிய அவ்வுரிமை மத்திய அரசுக்குப் போய்விட்டது என்றது. பிற மாநிலங்களின் உரிமையைக் குறையாமல் காக்க எழுந்த 'சமநிலை' என்னும் கோட்பாடே டெக்சாசின் உரிமையைக் குறைக்கப் பயன்பட்டது! சான்றுகளை விசாரிக்காமலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள் என்பது டெக்சாசின் தீராத குறை. நான்கு நீதிபதிகள் ஒருபுறம், மூவர் மறுபுறம். இருவர் விசாரணையில் கலந்துகொள்ளவில்லை. அவருள் ஒருவராகிய டாம் கிளார்க் டெக்சாஸ்காரர். நீதிபதியாவதற்குமுன் மத்திய அரசின் அட்டர்னி ஜெனரலாக இருந்தவர்.

தீர்ப்புக்கு முன்னரே ஒரு சமரசம் பேசப்பட்டது. காங்கிரஸ் கீழவைத் தலைவர் சாம் ரேபர்னும் டெக்சாஸ்காரரே. எல்லைக்குட்பட்ட கடலடி வருவாயில் மூன்றில் இரு பங்கு மாநிலத்துக்கு, எஞ்சியது மத்திய அரசுக்கு என்னும் வகையில் 1949-இல் அவர் வழி தேடினார். முழு உரிமையும் தமதே என்று நம்பிய மாநிலத் தலைவர்கள் இசையவில்லை. அடுத்த ஆண்டில் முழு உரிமையும் போயிற்று.

ஸ்பிரிங்ஃபீல்டு சந்திப்பு

கோர்ட்டில் தோற்றது காங்கிரசில் கிடைக்கலாம். அவ்வாறே நிலத்தை மாநிலங்களுக்கு அளிக்கும் மசோதாக்கள் நிறைவேறின. 1946-இல் ஒன்றையும் 1952 மே மாதத்தில் மற்றொன்றையும் ட்ரூமன் தம் தடையதிகாரத்தால் நிறுத்தினார். நாட்டு மக்கள் அனைவர்க்கும் சொந்தமானதைச் சில மாநிலங்களுக்குத் தானம் செய்வது பட்டப்பகல் கொள்ளை என்பது அவர் கருத்து. அலபாமா மாநிலத்துச் செனட்டர் லிஸ்டர் ஹில் இதற்கொரு மாற்று சொன்னார். கடலடி எண்ணெயின் வருவாயை 48 மாநிலங்களின் பிள்ளைகளுடைய கல்விக்கும் செலவிடுவோம் என்பது அவர் திருத்தம். இப்போது பிள்ளைக்கு எதிரே பிள்ளை நின்றது. டெக்சாசின் குழந்தைக்கு உரிய பணமா, எண்ணெயே காணாத மாநிலங்களின் ஏழைக் குழந்தைக்கும் உரிய பணமா? இருபக்கமும் உண்மையான நியாயம் இருந்தது. தேர்தல் மேடையில் அதை அவ்வளவு தெளிவாக எவரும் எடுத்து வைக்கவில்லை என்பது வருந்தத்தக்கது. டெக்சாஸ் மேடைகளில் ஹில்லின் திட்டம் பெரும்பாலும் கொள்ளையின் மறுபெயராகவே பேசப்பட்டது.

அக்காலத்து டெக்சாஸ் ஒரு கட்சி மாநிலம். 1870-களிலிருந்து ஜனநாயகக் கட்சியே அங்கு ஆண்டது. அக்கட்சிக்குள் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதனிலைத் தேர்தலே மெய்யான தேர்தல். நவம்பரில் நடப்பது சடங்கு. குடியரசுத் தலைவர் தேர்தலில் குடியரசுக் கட்சிக்கு டெக்சாஸ் வாக்களித்தது அதுவரை ஒரே ஒருமுறை, 1928-இல். 1948-இல் ட்ரூமன் அங்கு ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு வாக்குப் பெற்றார். அத்தகைய மாநிலம் நான்கே ஆண்டுகளில் எவ்வாறு புரண்டது?

கவர்னர் ஆலன் ஷிவர்ஸ் ஜனநாயகக் கட்சியினர். 1952 ஜூலையில் அக்கட்சி, இல்லினாய் மாநிலக் கவர்னர் அட்லாய் ஸ்டீவன்சனை வேட்பாளராக நிறுத்தியது. ஆகஸ்டு 23-ஆம் நாள் ஷிவர்ஸ் இல்லினாயின் தலைநகரான ஸ்பிரிங்ஃபீல்டுக்குச் சென்று ஸ்டீவன்சனை நேரில் கண்டார். கேள்வி ஒன்றே: நீர் குடியரசுத் தலைவரானால், கடலடி நிலத்தை மாநிலங்களுக்கு அளிக்கும் மசோதாவில் கையெழுத்திடுவீரா? வாக்கை விரும்பும் எவரும் அவ்விடத்தில் மழுப்பியிருப்பார். ஸ்டீவன்சன் மழுப்பவில்லை. சுப்ரீம் கோர்ட்டின் தீர்ப்போடும் ட்ரூமனின் தடையோடும் தாம் உடன்படுவதாகச் சொல்லி, எழுத்திலும் வெளியிட்டார். அவருடைய நேர்மையை மெச்சலாம்; 24 தேர்வாளர் அன்றே கைநழுவத் தொடங்கினர் என்பதும் உண்மை.

குடியரசுக் கட்சி வேட்பாளர் தளபதி ஐசன்ஹோவர். 1890-இல் டெக்சாசின் டெனிசன் ஊரில் பிறந்தவர். குழந்தைப் பருவத்திலேயே கான்சாசுக்குக் கொண்டுபோகப்பட்டாலும், டெக்சாஸ் அவரைத் தன் பிள்ளையென்றே கொண்டாடியது. கடலடி மாநிலங்களுக்கே உரியது என்று அவர் வெளிப்படையாகச் சொன்னார். அவர் வேட்பாளரானதிலும் டெக்சாசுக்குப் பங்குண்டு. அவ்வாண்டு மே மாதத்தில் டெக்சாஸ் குடியரசுக் கட்சிக் கூட்டங்களில் ஐசன்ஹோவர் ஆதரவாளர் பெருவாரியாகப் புகுந்தனர். செனட்டர் டாஃப்டின் பக்கம் நின்ற பழைய தலைவர்கள், இவர்கள் உண்மையான கட்சிக்காரர் அல்லர் என்று ஒதுக்கித் தம் ஆட்களையே பிரதிநிதிகளாக அனுப்பினார்கள். சிக்காகோ மாநாட்டில் அச்சச்சரவு பெரிதாகி, முடிவில் ஐசன்ஹோவர் தரப்பே வென்றது.

செப்டம்பரில் அமரில்லோ நகரில் கூடிய டெக்சாஸ் ஜனநாயகக் கட்சி மாநாடு விந்தையானதொரு தீர்மானம் செய்தது. வாக்குச்சீட்டில் கட்சியின் பெயருக்கு நேரே ஸ்டீவன்சன் பெயர் இருக்கட்டும். ஆனால் கட்சிக்காரர்கள் ஐசன்ஹோவருக்கு வாக்களிக்கட்டும்! ஷிவர்சுடன் சேர்ந்து, வழக்கை நடத்திய மாநில அட்டர்னி ஜெனரல் பிரைஸ் டேனியலும் ஐசன்ஹோவர் பக்கம் நின்றார்; டேனியல் அவ்வாண்டு செனட்டர் பதவிக்கும் போட்டியிட்டார். ஒருவரே இரு கட்சிகளின் வேட்பாளராகவும் நிற்கலாம் என்று 1951-இல் ஒரு சட்டம் வந்திருந்தது. மாநிலப் பதவிகளுக்கான ஜனநாயக வேட்பாளர்களில் வேளாண்மை ஆணையர் ஒருவர் தவிர மற்றெல்லாரும் குடியரசுக் கட்சியின் பட்டியலிலும் தம் பெயரைக் காண்பித்துக்கொண்டார்கள். கிழவர் ரேபர்ன் மட்டும் கட்சியை விடாமல் ஸ்டீவன்சனுக்காக ஊர் ஊராக அலைந்தார். செனட்டர் லிண்டன் ஜான்சனும் கட்சி வேட்பாளரையே ஆதரித்தார். அவர் ஆதரவில் சூடு குறைவு.

வாக்காளர் யார் என்பதையும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். டெக்சாசில் வாக்களிக்கத் தலைவரி கட்ட வேண்டும். மாநிலத்துக்கு ஒன்றரை டாலர். மாவட்டம் விதித்தால் மேலும் கால் டாலர். அதையும் ஜனவரி முடிவதற்குள் கட்டியிருக்க வேண்டும். அதாவது வேட்பாளர் யார், வழக்கு என்ன என்று தெரிவதற்குப் பல மாதங்களுக்கு முன்பே. அறுபது வயதைக் கடந்தவர்க்கு விலக்குண்டு. பருத்திக் காட்டில் கூலி வேலை செய்த கறுப்பு மக்களையும் மெக்சிகோ வழியினரையும் இவ்வரி வாக்குச்சாவடிக்கு வெளியே நிறுத்தியது. பள்ளிப் பிள்ளைகளின் பெயரால் நடந்த அத்தேர்தலில், மிகவும் நலிந்த பள்ளிகளில் படித்த பிள்ளைகளின் பெற்றோரில் பலர் வாக்களிக்கவே இயலவில்லை. கறுப்பர் பள்ளியும் வெள்ளையர் பள்ளியும் அன்று தனித்தனியே இருந்தன.

1952-ஆம் ஆண்டு நவம்பர் 4-ஆம் நாள் இருபது லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாக்களித்தனர். அம்மாநிலம் முன்னர்க் காணாத எண்ணிக்கை. ஐசன்ஹோவர் பெற்ற வாக்கு 11,02,878. ஸ்டீவன்சன் பெற்றது 9,69,228. வேறுபாடு 1,33,650. கடலடி வழக்கு ஒன்றே இதற்குக் காரணம் என்று சொல்வது மிகையாகும். கொரியாப் போரின் சலிப்பு, ட்ரூமன் ஆட்சி மீது எழுந்த ஊழற்புகார்கள், கறுப்பு மக்களின் சமவுரிமைக்கு ட்ரூமன் காட்டிய ஆதரவால் தெற்கத்திய வெள்ளையர் கொண்ட சினம், தளபதியின் புகழ் ஆகிய எல்லாம் சேர்ந்தன. ஆயினும் தலைமுறை தலைமுறையாக ஒரே கட்சிக்கு வாக்களித்தவன் அதை விட்டு விலகுவதற்கு, பிறர்முன் சொல்லக்கூடிய ஒரு காரணம் வேண்டியிருந்தது. கடலடி அந்தக் காரணத்தைத் தந்தது. நாடு முழுவதும் ஐசன்ஹோவர் 442 தேர்வாளரைப் பெற்றார். வெற்றிக்குத் தேவை 266. டெக்சாசின் 24 இல்லாவிடினும் அவர் எளிதில் வென்றிருப்பார்.

தேர்தலுக்குப் பின்

பதவியை விட்டு இறங்குவதற்கு நான்கு நாள் முன்பு, 1953 ஜனவரி 16-ஆம் நாள், ட்ரூமன் கடலடி நிலத்தைக் கடற்படைக்கான எண்ணெய்ச் சேமிப்பாக ஒதுக்கி ஆணையிட்டார். அந்த ஆணை நிலைக்கவில்லை. புதிய மசோதாவை எதிர்த்து ஆரிகன் மாநிலத்துச் செனட்டர் வெய்ன் மோர்ஸ் ஏப்ரல் மாதத்தில் 22 மணி 26 நிமிடம் இடைவிடாது பேசினார். மசோதா நிற்கவில்லை, மே 22-இல் ஐசன்ஹோவர் கையெழுத்திட்டார். ஹில்லின் கல்வித் திருத்தம் சட்டமாகவில்லை.

ஆனால் அச்சட்டம் எல்லை எதுவென்று மைல் கணக்கில் முடித்துச் சொல்லவில்லை. பொதுவாக மூன்று கடல் மைல். வளைகுடாவில், அமெரிக்காவில் சேரும்போது அதற்கு மேற்பட்ட எல்லை உடைய மாநிலமாயின் மூன்று லீக் வரை என்று விட்டது. மறுபடியும் வழக்கு. 1960 மே 31-ஆம் நாள் சுப்ரீம் கோர்ட்டு, 1836-ஆம் ஆண்டுச் சட்டத்தை ஏற்று டெக்சாசுக்கு மூன்று லீக் என்று தீர்த்தது. வளைகுடாப் பக்கத்தில் புளோரிடாவுக்கும் அவ்வாறே கிடைத்தது. மிகுதியான எண்ணெய்க் கிணறுகளை உடைய லூசியானாவுக்கு மூன்று மைல்தான். அவ்வாண்டு நவம்பரில் டெக்சாஸ் ஜனநாயகக் கட்சிக்குத் திரும்பியது; துணைத்தலைவர் வேட்பாளர் லிண்டன் ஜான்சன் அல்லவா! எனினும் கென்னடிக்குக் கிடைத்த மிகுதி ஏறத்தாழ 46,000 வாக்குகளே. 1976-இல் கார்ட்டருக்குப் பிறகு எந்த ஜனநாயக வேட்பாளரும் அம்மாநிலத்தை வென்றதில்லை.

நிலைப்பள்ளி நிதி இன்று 5,000 கோடி டாலரைத் தாண்டியிருக்கிறது. கரையிலிருந்து 9 கடல் மைலுக்குள் எடுக்கும் எண்ணெயின் உரிமைத்தொகை அந்நிதியில் சேர்கிறது. அதற்கப்பால் எடுப்பது வாஷிங்டன் கருவூலத்துக்கு. எல்லையை அடுத்த மூன்று கடல் மைல் பட்டையில் மட்டும், 1986-இல் செய்த திருத்தத்தின்படி, மத்திய அரசு பெறும் வருவாயில் 27 சதவீதம் மாநிலத்துக்குப் பகிரப்படுகிறது.